வைரசு மருந்தும் கண்டிச் சீமையின் கீனமரமும்

கண்டி மாநகரின் தென்புறத்தே, ஹந்தானை மலைச்சாரலில், அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவகம் என்னும் ஆய்வு நிலையமொன்று அமைந்திருத்தலைப் பலரும் அறிவர். அப்பாதை வழியே மாலை வேளைகளில் உலாவச் செல்வோரும் உளர். ஆயின், ஆங்கு ஆராயப்படுவன யாவை என வினவின் விடை கூற வல்லார் சிலரே. யானும் அண்மைக் காலம் வரை அப்பலருள் ஒருவனாகவே இருந்தேன். தமிழும் வரலாறும் கற்பிக்கும் ஒரு கலைப்பட்டதாரி, அதுவும் வெளிவாரியாகப் பயின்று பட்டம் பெற்றவன், இரசாயனவியல் பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒரு மாணவியின் கேள்வியேயாகும்.

2017ஆம் ஆண்டில் இந்நாட்டை டெங்குக் காய்ச்சல் வாட்டிய வரலாற்றை யாவரும் அறிவர். அவ்வோராண்டில் மாத்திரம் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர் எனக் கணக்கெடுக்கப்பட்டது. உயிர் நீத்தோர் நானூற்றுக்கும் அதிகமாவர். கலகாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து எம்மிடம் பயிலும் மாணவியொருத்திக்கு அப்பொழுது வயது பத்து. அவளின் அண்ணன் அக்காய்ச்சலுடன் ஆறு நாள் வைத்தியசாலையிற் கிடந்து பிழைத்து வந்தான். அந்த ஆறு நாளும் அவனுக்கு ஏற்றப்பட்டது உப்புநீரேயன்றி வேறில்லை. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் கொடுத்தனர். இரத்தத்தை மீண்டும் மீண்டும் சோதித்தனர். உயர்தர வகுப்பில் உயிரியல் விஞ்ஞானம் பயிலும் இன்று அவள் என்னிடம் வந்து, “சேர், புண்ணுக்கு மருந்து இருக்குது, நெருப்புக் காய்ச்சலுக்கு மருந்து இருக்குது, டெங்குக்கு மட்டும் ஏன் இல்லை?” என்று கேட்டாள். இரசாயன ஆசிரியரிடம் கேள் என அவளை அனுப்பிவிட்டு இருந்திருக்கலாம். ஆயினும் அக்கேள்வி என்னை விட்டபாடில்லை. நூல்களைத் தேடிப் படித்தும் அறிந்தோரிடம் கேட்டும் விளங்கிக்கொண்டவற்றை ஈண்டு எழுதலுற்றேன்.

முதலில், வைரசுக்கு மருந்து காண்டல் அரிதாவது ஏன் என்பதை நோக்குவாம். நெருப்புக் காய்ச்சலை உண்டாக்கும் பற்றீரியா தனக்கெனக் கலச்சுவரும், தனக்கெனப் புரதம் ஆக்கும் பொறிகளும் உடைய தனியுயிர். அதன் சுவரைத் தகர்க்கும் பொருளொன்று கிடைப்பின், மனிதக் கலத்திற்கு அத்தகைய சுவர் இன்மையால், நோயாளிக்குக் கேடின்றி நோயை அழித்தல் கூடும். பெனிசிலின் செய்வது அதுவே. வைரசோ அத்தன்மைத்தன்று. அது சிறிதளவு மரபுப்பொருளும் அதனைப் பொதிந்த புரத உறையுமேயாம். சொந்த அடுப்பும் சொந்தப் பானையும் அதற்கு இல்லை. நம் கலத்தினுட் புகுந்து, நம் அடுப்பில், நம் பானையில், நம் விறகைக் கொண்டே தன் சோற்றை ஆக்கிக்கொள்கின்றது. அடுப்பை உடைத்தால் வீட்டுக்காரனும் பட்டினியாவான். எனவே வைரசுக்கே உரியதாய், நமக்கு உரியதல்லாததாய் உள்ள ஏதேனுமொரு கருவியைக் கண்டுபிடித்து, அதனை மட்டும் முடக்க வேண்டும். அத்தகைய கருவிகள் மிகச் சில. டெங்கு வைரசின் மரபுப்பொருள் முழுவதும் 10 புரதங்களை ஆக்குதற்கே போதுமானது எனின் அதன் சிறுமை விளங்கும்.

அக்கருவிகளுள் முதன்மையானவை நொதியங்கள். நொதியமும் அது தொழிற்படும் பொருளும் பூட்டும் திறப்பும் போல ஒன்றிற்கொன்று பொருந்துவன என்று 1894இல் எமில் பிசர் என்னும் செருமானிய இரசாயனவியலாளர் கூறினார். மருந்து வடிவமைத்தல் என்பது இக்கருத்தின் வழிப்பட்டதே. பூட்டினுட் புகக்கூடியதாய், ஆனால் புகுந்தபின் திரும்பாததாய், வெளியே எடுக்கவும் இயலாததாய் ஒரு பொய்த்திறப்பை ஆக்குதல் வேண்டும். அப்பொய்த்திறப்பு நம் வீட்டுப் பூட்டுக்களிற் சென்று சிக்கவும் கூடாது. சொல்லுதற்கு எளிது, செய்தற்கு ஒரு வாழ்நாள் வேண்டும்.

அவ்வாறு ஒரு வாழ்நாளைச் செலவிட்டவர் கேர்ட்ரூட் எலியன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1918இல் நியூயோர்க்கிற் பிறந்தவர். பதினைந்து வயதில், தம் பாட்டனார் புற்றுநோயால் இறத்தலைக் கண்டு, இரசாயனம் பயில முடிவு செய்தார். 1937இற் பட்டம் பெற்றும், பெண் என்னும் காரணத்தால் மேற்படிப்புக்கு உதவிப்பணமும் ஆய்வுகூடத்திற் பணியும் அவருக்குக் கிட்டவில்லை. பகலில் உயர்நிலைப் பாடசாலைகளில் இரசாயனமும் பௌதிகமும் கற்பித்து, இரவிலும் வாரவிறுதியிலும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் உழைத்து, 1941இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். பின் சிறிதுகாலம் உணவு நிறுவனமொன்றில் ஊறுகாயின் புளிப்பை அளக்கும் வேலையும் பார்த்தார். பகலிற் கற்பித்து இரவிற் கற்றோரின் களைப்பை அறிந்தவனாதலின், அவர் வரலாற்றின் இப்பகுதியை யான் இருமுறை படித்தேன் என்பதை மறைப்பானேன்!

1944இல் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் என்பாரின் உதவியாளராக மருந்து நிறுவனமொன்றிற் சேர்ந்தபின் அவர் பாதை திறந்தது. கலங்கள் பெருகுதற்கு மரபுப்பொருளின் கட்டுக்கற்கள் வேண்டும். அக்கற்களைப் போலத் தோன்றும் போலிக்கற்களை இடையிற் செருகினால் கட்டடம் நின்றுவிடும் என்பது அவ்விருவரின் எண்ணம். இவ்வழியே இரத்தப் புற்றுநோய்க்கும் கீல்வாதத்துக்கும் மருந்துகள் பிறந்தன. 1948இல் அவர் ஆக்கிய ஒரு பியூரீன் சேர்வை வைரசொன்றைத் தடுத்தமை காணப்பட்டது. ஆனால் நச்சுத்தன்மை மிகுதியால் அது ஒதுக்கி வைக்கப்பட்டது. இருபது ஆண்டு கழித்து, 1968இல், அதையொத்த வேறொரு சேர்வை பற்றிய செய்தி வந்தபோது அவர் பழைய குறிப்பேட்டைத் திறந்தார். அதன் விளைவே அசைக்கிளோவிர். எர்ப்பிசு வைரசு நோய்களுக்கு இன்றும் வழங்கும் மருந்து.

அம்மருந்து தொழிற்படும் விதம் வியத்தற்குரியது. உடலினுட் புகும்போது அது வெறும் சடப்பொருள். அதற்குப் பொசுபேற்றுக் கூட்டமொன்றைச் சேர்த்தாலன்றி அது கட்டுக்கல்லாகப் பயன்படாது. அம்முதற் பொசுபேற்றைச் சேர்க்கும் நொதியம் எர்ப்பிசு வைரசு புகுந்த கலத்தில் மாத்திரமே போதியளவிற்கு உண்டு. ஏனெனில் அந்நொதியத்தை ஆக்குவது வைரசே. நோயற்ற கலத்தின் நொதியமோ இப்போலியைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே வைரசு தன் கையாலேயே நஞ்சைக் காய்ச்சி உண்கின்றது. வெல்லப்பகுதி முழுமை பெறாத அக்கல்லின்மேல் அடுத்த கல் அமர இடமின்மையால் சங்கிலி அவ்விடத்தே முடிவுறுகின்றது. 1988இல் எலியன் அம்மையாருக்கு நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கலாநிதிப் பட்டத்திற்காகப் பயிலத் தொடங்கி, வேலையா படிப்பா எனத் தெரிய நேர்ந்தபோது வேலையைத் தெரிந்தவர் அவர். முறைப்படி அப்பட்டத்தைப் பெறாமலே அப்பரிசைப் பெற்றார். ஓய்வு பெற்ற பின்னரும் மாணவரை ஆய்வில் வழிநடத்தும் பணியை அவர் கைவிடவில்லை.

எலியனின் முறையில் நொதியத்தின் வடிவத்தைக் கண்ணாற் காணும் வாய்ப்பில்லை. கட்டுக்கல்லை மாற்றி மாற்றி வைத்து விளைவைப் பார்த்தே அறியவேண்டும். பூட்டின் உட்புறத்தை முதலில் வரைந்து, பின் திறப்பை அறுக்கும் முறை அடுத்த தலைமுறையினருடையது. இன்புளுவென்சா வைரசின் மேற்பரப்பிலுள்ள நியூராமினிடேசு என்னும் நொதியத்தைப் பளிங்காக்கி, எட்சுக்கதிர் கொண்டு அதன் வடிவத்தை 1983இல் அவுத்திரேலிய விஞ்ஞானிகள் வெளியிட்டனர். அந்நொதியத்தின் குழியினுள் வலிமை குன்றிப் பொருந்தும் சேர்வையொன்று முன்னரே அறியப்பட்டிருந்தது. அச்சேர்வையின் நான்காம் காபனில் உள்ள ஐதரொட்சைற் கூட்டத்துக்கு எதிரே, குழியின் சுவரில், எதிரேற்றம் உடைய இரு குளுற்றாமிக்கமில எச்சங்கள் வெறுமனே இருத்தலை மார்க் வொன் இட்ஸ்டைன் என்பாரும் கூட்டாளிகளும் நோக்கினர். அவ்விடத்தில் நேரேற்றம் உடைய குவானிடீன் கூட்டத்தை வைத்தனர். பிடிப்பு ஆயிரக்கணக்கான மடங்கு உயர்ந்தது. 1993இல் வெளியான இவ்வாய்வின் பயனாகிய சனமிவிர் 1999இல் மருந்தாயிற்று. ஆனால் அதனை வாயால் உண்டால் குடல் ஏற்பதில்லை. தூளாக மூச்சுடன் உள்ளிழுத்தல் வேண்டும். உண்ணத்தக்க மாற்றாக வந்த ஓசெல்ற்றாமிவிரை ஆக்குதற்குத் தொடக்கப்பொருள் சிக்கிமிக்கமிலம். அது பெரும்பாலும் எதிலிருந்து பெறப்பட்டது எனின், நம் வீடுகளிற் புரியாணிக்கு இடும் அன்னாசிப்பூவிலிருந்தே! 2005ஆம் ஆண்டளவில் பறவைக் காய்ச்சல் அச்சத்தால் உலகெங்கும் அம்மருந்து தேடப்பட்டபோது சீனத்து அன்னாசிப்பூவுக்குப் பெருந்தட்டுப்பாடு உண்டாயிற்று. அன்னாசிப்பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தால் காய்ச்சல் தீரும் என்று எவரும் கொள்ளற்க. பூவிலுள்ள அமிலம் வேறு, பல படிகள் கடந்து அதிலிருந்து ஆக்கப்படும் மருந்து வேறு.

இனி, நம் ஊர்க் கதைக்கு வருவாம்.

புன்னை மரத்தை யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் நன்கறிவர். அதன் இனத்தைச் சேர்ந்த மரங்கள் பல ஈழத்தின் ஈரவலயக் காடுகளிலும் மலைகளிலும் வளர்கின்றன. சிங்கள மக்கள் அவற்றைக் கீன என்பர். அவற்றுட் சில இந்நாட்டையன்றி உலகில் வேறெங்கும் காணப்படாதவை. கலோபிலம் கோர்டாட்டோ-ஒப்லோங்கம் என்பது அவற்றுள் ஒன்று. பேராதனைப் பூங்காவின் தலைவராய்ப் பல்லாண்டு இருந்த துவெயிற்சு என்பார் அதற்கு அப்பெயரை இட்டார். கலோபிலம் மூனியை என்பது மற்றொன்று. 1821இல் அப்பூங்காவை நிறுவிய அலெக்சாந்தர் மூனின் பெயரைத் தாங்கி நிற்பது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானபீடம் 1961இற் தொடங்கியபின், ஆங்கு இரசாயனப் பேராசிரியராயிருந்த சுல்தான்பாவா அவர்களும் மாணவர்களும் இம்மரக் குடும்பத்தின் பட்டையையும் கட்டையையும் இலையையும் பிரித்தாராயும் பணியில் நெடுங்காலம் ஈடுபட்டனர். இப்பணி எத்தகையது என்பதை மாணவர் அறிதல் நன்று. தாவரவியலாளர் காட்டிற்குச் சென்று மரத்தை ஐயமற இனங்கண்டு இலை கொணர்வார். இலையை நிழலில் உலர்த்தி, இடித்து, கரைப்பான்களில் ஊறவைத்து வடிப்பர். கிடைப்பது கரும்பச்சைப் பசை. அதனைச் சிலிக்காத் தூள் நிரப்பிய நெடிய கண்ணாடிக் குழாயின் தலையில் இட்டு மேலிருந்து கரைப்பானை ஊற்றினால், பசையிலுள்ள பொருள்கள் தத்தம் இயல்புக்கேற்ப விரைந்தும் தயங்கியும் இறங்கும். சொட்டுச் சொட்டாய்ச் சேர்த்து, நூற்றுக்கணக்கான சிறு போத்தல்களிற் பிரித்து, ஒவ்வொன்றையும் சோதித்து, ஈற்றில் சில மில்லிகிராம் வெண்பளிங்கு கிடைப்பின் அது நல்ல காலம். பின்னர் அதன் அமைப்பை அறிதல் வேண்டும். நெல்லைக் குற்றிப் புடைத்துக் கல் பொறுக்கும் நம் பெண்டிரின் பொறுமை இங்கு வேண்டுவது.

1985இல் கலோபிலம் கோர்டாட்டோ-ஒப்லோங்கத்தின் இலைபற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. தர்மரத்ன, சோதீஸ்வரன், பாலசுப்பிரமணியம், வெயிட் என்னும் நால்வர் அதன் ஆசிரியர். பாலசுப்பிரமணியம் அவர்கள் பேராதனையின் தாவரவியலாளர். இந்நாட்டுக் காடுகளை நன்கறிந்தவர். சிங்களவர், தமிழர், ஆங்கிலேயர் எனப் பெயர்கள் ஒருங்கே நிற்கும் அவ்வரியை, அவ்வாண்டுகளின் நிலையை நினைந்து பார்ப்போர் சற்றே நின்று படிப்பர். அவ்விலையினின்று கூமரின் வகையைச் சேர்ந்த இரு புதுச் சேர்வைகள் பெறப்பட்டன. கோர்டாற்றோலைட்டு என அவற்றுக்குப் பெயரிட்டனர். அக்கட்டுரை கூறியது அவற்றின் அமைப்பை. நோய் தீர்க்கும் பயன் அன்று நோக்கமன்று. எயிட்சு நோயின் வைரசு இனங்காணப்பட்டே அப்போது இரண்டாண்டுதான் ஆகியிருந்தது.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் வேறொரு கதை நிகழ்ந்தது. 1987இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகத்துக்காகச் சரவாக்கின் காட்டில் கலோபிலம் இலானிசெரம் என்னும் மரத்தின் இலையும் சிறு கிளையும் சேர்க்கப்பட்டன. அவற்றின் வடிசாறு எச்.ஐ.வி. வைரசின் பெருக்கத்தைத் தடுத்தல் கண்டு, மேலும் இலை கொணர ஆட்கள் மீண்டும் சென்றபோது, அம்மரம் வெட்டப்பட்டிருந்தது. அவ்வினத்தின் வேறு மரங்களில் அப்பொருள் மிகக் குறைவாகவே இருந்தது. எஞ்சியிருந்த சிறிதளவிலிருந்து அமைப்பை அறிந்து 1992இல் வெளியிட்டனர். கலனோலைட்டு ஏ என்பது அதன் பெயர். பின்னர் அதனை ஆய்வுகூடத்திலே முழுமையாக ஆக்கவும் கற்றனர். மரம் போயினும் பொருள் பிழைத்தது, இரசாயனத்தால். வைரசு தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாகப் பின்னோக்கிப் படியெடுக்கும் நொதியத்தின் பக்கத்துக் குழியொன்றிற் சென்று அது பொருந்துகின்றது. எலியனின் போலிக்கல் செய்யும் வேலை வேறு. இது கதவின் கீலில் ஆப்பு இறுக்குவது போல்வது. புன்னையின் இலையிலிருந்தும் இத்தன்மையான பொருள்கள், இனோபிலம் என்னும் பெயரின, 1993இல் அறிவிக்கப்பட்டன.

மூன்று மரங்களின் பொருள்களையும் ஒருங்கு வைத்து நோக்கினோர்க்கு ஓருண்மை புலனாயிற்று. மூன்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. வேறுபாடு சிறப்பாக நான்காம் காபனிலேயே உள்ளது: சரவாக் மரத்திற்கு ஆங்கு மூன்று காபன் கொண்ட புரொப்பைற் கூட்டம், புன்னைக்கு ஆறு காபன் வளையமாகிய பீனைல், நம் நாட்டுக் கீனமரத்திற்கு ஒரேயொரு காபன் கொண்ட மெதயில். எனில், சரவாக்கிற் காணப்பட்ட ஆற்றல் நம் மரத்திற்கும் உண்டோ? இக்கேள்வியை எழுப்பிச் சோதித்த கட்டுரை 2002இல் வெளிவந்தது. அதன் முதலாசிரியர் 1985ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதலாசிரியராகிய அதே தர்மரத்ன அவர்களே. ஆய்வு இந்த ஹந்தானை நிறுவகத்தின் வழிப்பட்டது. வைரசுச் சோதனைக்கு அமெரிக்க ஆய்வாளர் துணைநின்றனர். கலோபிலம் இனத்தினின்று பெற்ற பல கூமரின்களும் சாந்தோன்களும் சோதிக்கப்பட்டதில், கோர்டாற்றோலைட்டுக்கள் இரண்டும் வைரசின் பெருக்கத்தைத் தடுப்பது காணப்பட்டது. தமக்குப் பயன் இன்னதென்று அறியாத நிலையில் அமைப்பு எழுதப்பட்ட ஒரு பொருள், பதினேழாண்டு கழித்து வேறொரு கேள்விக்கு விடையாக வந்து நின்றது. எலியனின் 1948ஆம் ஆண்டுக் குறிப்பேட்டை இதனுடன் ஒப்பிட்டு நோக்குக.

அப்படியாயின் கீனமரத்தில் எயிட்சுக்கு மருந்து கிடைத்துவிட்டதோ எனின், இல்லை. சரவாக் மரத்தின் கலனோலைட்டே மனிதரிற் சோதிக்கப்படும் நிலைவரை சென்றும் மருந்துக்கடையை அடையவில்லை. சோதனைக்குழாயில் வைரசைத் தடுத்தல் வேறு. குடலாற் கவரப்பட்டு, ஈரலாற் சிதைக்கப்படாது, குருதியிற் போதிய செறிவில் நெடுநேரம் தங்கி, வேறெதையும் கெடுக்காது வைரசை அடைதல் வேறு. ஆயிரம் சேர்வைகள் முதற்படியில் நிற்பின் ஒன்றேனும் இறுதிப் படியை எட்டுதல் அரிது. இதனைத் தோல்வி என்று கூறுவோருடன் யான் உடன்படேன்; நான்காம் காபனில் எது நின்றால் என்ன விளையும் என்னும் அறிவு அடுத்தவனுக்கு எஞ்சுகின்றதன்றோ?

இப்படிகள் எவையும் அறியாத நிலையில் மக்கள் எளிதில் ஏமாறுவர். கோவிட் நோய்க்காலத்தில், 2020 திசெம்பரில், கேகாலைப் பக்கத்திலே ஒருவர் ஆக்கிய பாணியைப் பெற ஆயிரக்கணக்கானோர், நோய் தொற்றும் என்னும் அச்சமுமின்றி, ஒருவரையொருவர் நெருக்கி வரிசையில் நின்றதை மறக்க இயலுமா? குடித்தவர் பிழைத்தார் என்பது சான்றாகாது. குடியாதவர் எத்தனை பேர் பிழைத்தனர் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும் என்ற ஒன்றை ஒன்பதாம் வகுப்பிலேயே நம் பிள்ளைகள் உறுதியாகக் கற்றிருப்பின் அவ்வரிசை சற்றே குறுகியிருக்கும். அதே நோய்க்கு 2021இன் முடிவில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நிர்மட்ரெல்விர் என்னும் மருந்தோ, 2003ஆம் ஆண்டின் சார்சு நோய்க்காலத்தில் ஆக்கத் தொடங்கி, நோய் மறைந்தமையாற் கிடப்பிற் போடப்பட்ட சேர்வையொன்றின் வழியே பிறந்தது. இங்கும் பழைய குறிப்பேடே உதவிற்று.

இனி மாணவியின் கேள்விக்கு வருவாம். டெங்குக்கு ஏன் மருந்தில்லை? அவ்வைரசு தன் நீண்ட புரதத்தைத் துண்டுபடுத்தும் நொதியமொன்றைக் கொண்டுள்ளது. அது பொய்த்திறப்புக்கு ஏற்ற பூட்டாதல் வேண்டும். ஆனால் அதன் குழி ஆழமற்றது, தட்டையானது, பிடிப்பதற்கு இடமில்லை. அதிற் பொருந்துவன நேரேற்றம் மிக்க பொருள்கள். அவையோ நம் கலத்தின் கொழுப்பு மென்சவ்வைக் கடந்து உட்புகா. இரண்டாவதாக, வைரசின் வகைகள் நான்கு. நான்கையும் தடுக்கும் மருந்து வேண்டும். மூன்றாவதாக, நோயாளி காய்ச்சலுடன் வைத்தியரிடம் வரும்போதே குருதியில் வைரசு உச்சத்தை எட்டியிருக்கும். அபாயம் வரும் நாளிலோ வைரசு குறைந்து, குருதிக்குழாய்கள் கசிதலே பெரிதாகியிருக்கும். அதனாலேயே அவளின் அண்ணனுக்கு உப்புநீரும் ஓயாத கண்காணிப்பும் மருந்தாயின. அவை அவனைக் காத்தன என்பதையும் அவளுக்குச் சொன்னேன்.

இத்தனை தடைகளையும் கடந்து நான்கு வகைகளையும் தடுக்கும் சேர்வையொன்று பெல்சியத்து லூவென் பல்கலைக்கழகத்தாராலும் அவர்களுடன் சேர்ந்த பெரும் மருந்து நிறுவனத்தாராலும் ஆக்கப்பட்டது. வைரசின் இரு புரதங்கள் ஒன்றோடொன்று கைகோத்தலை அது தடுக்கின்றது. மனிதரிற் சோதனை நடந்துகொண்டிருந்தபோது, 2024 ஒற்றோபரில், அந்நிறுவனம் அத்திட்டத்தை நிறுத்திவிட்டது. நிறுவனத்தின் முன்னுரிமைகள் மாறியமையே அதற்குக் கூறப்பட்ட காரணம். மருந்தாற் கேடு விளைந்தது என்று கூறப்படவில்லை. வணிகத்தின் கணக்கு வணிகத்துக்குரியது. ஆயின் டெங்கு இவ்வூர் நோய். மழை பெய்து ஓய்ந்ததும் கட்டுகஸ்தோட்டையிலும் பேராதனையிலும் வரும் நோய். பிறர் நிறுத்தியவிடத்திலிருந்து தொடரத்தக்கவர் இங்கே உருவாகாவிடின், வேறெங்கே உருவாகுவர்?

அத்தகையவர் உருவாகும் வழி எது? மலையகத் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞான வகுப்புக்களே இல்லை. இருக்கும் இடங்களிலும் இரசாயனத்தை விளங்கவைக்கும் ஆசிரியர் கிடைத்தல் அரிது. கிடைத்த மாணவருள்ளும் முதற்றரமானோர் வைத்தியபீடத்தையே நோக்குவர். அதற்குப் புள்ளி போதாதவரே விஞ்ஞானபீடத்திற்குச் செல்வர் என்னும் எண்ணம் நம் பெற்றோரிடத்தே வேரூன்றியுள்ளது. வைத்தியர் கையாளும் மருந்தை யார் ஆக்குவது என்று எவரும் கேட்பதில்லை. விஞ்ஞானபீடத்திற் புகுந்த தமிழ்மொழி மாணவர் முதலாண்டில் ஆங்கிலத்தோடு போராடுதலும் கண்கூடு. தமிழில் இரசாயனம் கற்பித்தல் நேற்று வந்த செயலன்று; மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த கிறீன் வைத்தியரின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் 1875இலேயே வெளிவந்தது. தமிழில் விளங்கிய கருத்தை ஆங்கிலத்திற் கூறப் பழகுதல் ஆறுமாத வேலை. விளங்காத கருத்தை எந்த மொழியிலும் கூற முடியாது.

பேராதனையிற் சிறப்புப்பட்டம் பெற்றோர் ஹந்தானை நிறுவகத்தில் ஆராய்ச்சி உதவியாளராய் இருந்துகொண்டே, பேராதனைப் பட்டப்பின் விஞ்ஞான நிறுவகத்தில் உயர்பட்டத்திற்குப் பதிவுசெய்து உழைக்கும் வழி உண்டு. பல்கலைக்கழகம் கிட்டாதவர்க்கு இலங்கை இரசாயன நிறுவகம் 1979 முதல் நடத்திவரும் பட்டத்துக்கு நிகரான கற்கைநெறியும் உண்டு. கணினி ஒன்று இருப்பின் வேறொரு வாயிலும் திறந்துள்ளது. புரதங்களின் வடிவங்களைத் திரட்டி வைக்கும் உலகப் புரதத் தரவுவங்கி 1971இல் தொடங்கியது. யாரும் பணமின்றிப் பெறலாம். டெங்கு நொதியத்தின் குழியைத் திரையிற் சுழற்றிப் பார்க்கலாம். ஒரு சேர்வை அதிற் பொருந்துமா எனக் கணிக்கும் இலவச மென்பொருள்களும் உள. ஆயினும் ஓர் எச்சரிக்கை கூறுவேன். இன்னின்ன மூலிகையின் இன்னின்ன பொருள் திரையிற் பொருந்தியது என்று கூறும் கட்டுரைகள் இக்காலத்தில் மலிந்துவிட்டன. திரையிற் பொருந்தியவை குழாயிற் பொருந்தவேண்டும் என்னும் நியதியில்லை. கையில் நிறம்பட்டு, மூக்கில் கரைப்பான் மணம்பட்டு, போத்தலில் வெண்பளிங்கு விழும்வரை காத்திராதவனை இரசாயனவியலாளன் என்றல் பொருந்தாது.

இவற்றையெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை பாடசாலை முடிந்தபின் அம்மாணவிக்குச் சொல்லி, மூன்று மரங்களின் நான்காம் காபனையும் கரும்பலகையில் என் கைக்கு எட்டியவாறு வரைந்து காட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்திருந்து, “சேர், எங்கட மரத்தில ஒரு காபன், சரவாக் மரத்தில மூன்று. இரண்டு காபன் வைத்தால் என்ன நடக்கும்?” என்றாள்.

“பிள்ளை, அதுக்கு நீ திங்கட்கிழமை இரசாயன சேரிட்டத்தான் போகவேணும்” என்றேன்.

போனாள். அவர் விடை கூறவில்லையாம். அச்சேர்வையை ஆக்குதற்கு எப்பொருளிலிருந்து தொடங்குவாய் என்று திருப்பிக் கேட்டாராம். மூன்று பக்கத்துக்கு அம்புக்குறியிட்டு எழுதியிருக்கிறாள். இரண்டாம் பக்கத்திற் பிழை ஒன்று உண்டு என அவர் என்னிடம் கூறினார். எவ்விடத்தில் என்பதை இன்னும் அவளிடம் கூறவில்லை.